வளர்த்திக்கு இரண்டு அங்குலம்

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
11.1.2025

அன்புள்ள பொன்னம்மைக்கு,

மதினி எழுதுவது. நான் சுகம். இந்தப் பனிக்கு உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் நான் ஒன்று கேட்டால் நீ வேறொன்றுக்குப் பதில் சொல்கிறாய். உனக்குக் கேட்கவேண்டுமென்று கத்தி, என் சங்கதி முழுதும் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. இனிமேல் கடிதம்தான். கட்டிங் மாஸ்டர் லிங்கராஜ் சனிக்கிழமைதோறும் நாகர்கோவிலுக்கு, தன் வீட்டுக்கு, வருகிறவர்தானே. அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலை ஞாயிற்றுக்கிழமை அவரிடமே கொடு.

உன் அண்ணன் கண்ணை மூடி இரண்டு மாதமாகிறது. கடையை விற்றுவிடலாம் என்று மகன் வினீத் துபாயிலிருந்து சொன்னான். நான் நடத்துகிறேன் என்று சொல்லிவிட்டேன். முப்பத்தெட்டு வருஷம் அந்தக் கடையின் சோற்றைச் சாப்பிட்டவள், சாலைக் கடைத்தெருவில் அதன் படியேறியது இப்போதுதான். கீழே கடை, மேலே தையல் அறை, பதினோரு பெண்கள். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற இடத்தில் ஓர் ஒழுங்கு இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. எதுவும் எழுத்தில் இல்லை. யார் எதை எப்போது வெட்டுகிறார்கள் என்று கேட்டால், "அது அப்படியே நடக்கும்மா" என்கிறார்கள். நான் படித்த கான்வென்டில் தையல் கற்றுத்தந்த மதர் ஓர் அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல் எண்ணிப் பார்ப்பார். இங்கே எட்டு.

திங்கள் முதல் புது வழக்கம் வைத்திருக்கிறேன். என் கையெழுத்திட்ட சீட்டு இல்லாமல் ஒரு துணியும் வெட்டக்கூடாது, ஒரு பெட்டியும் கட்டக்கூடாது.

பிப்ரவரி இருபதாம் தேதி உன் முழங்கால் ஆபரேஷனுக்கு வந்துவிடுவேன். ஒரு மாதம் உன்னோடு இருப்பேன். அவர் படுத்திருந்த எட்டு மாதமும் அவரைப் பார்த்துக்கொள்ள எங்கள் மாடிப்படி ஏறி இறங்கித் தேய்ந்துபோன முழங்கால் அது. மறக்கவில்லை.

அன்புடன்,
மதினி சுசீலாபாய்


வடசேரி, நாகர்கோவில்
12.1.2025

அன்புள்ள மதினிக்கு,

பொன்னம்மை எழுதிக்கொண்டது. நான் இருக்கிறேன். முழங்காலும் இருக்கிறது, அதன் இஷ்டத்துக்கு. உங்களுக்குச் சர்க்கரை பார்த்தீர்களா? மாத்திரையை நேரத்துக்குப் போட ஆள் இல்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

கடிதம் நல்ல ஏற்பாடு. காது கேட்காதவளிடம் எல்லாரும் சுருக்கமாகப் பேசுகிறார்கள். எழுத்திலாவது நீளமாகப் பேசுங்கள்.

சீட்டு வழக்கம் வைத்ததாக எழுதியிருந்தீர்கள். லிங்கராஜ் முப்பது வருஷமாகக் கத்திரி பிடிக்கிறவன். அவனுக்கும் சீட்டா? அண்ணன் கடையில் பாதிநாள் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்பது உங்களுக்குத் தெரியுமா?

என்னோடு கூட இருக்க ஓர் ஆள் வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்கிறார். ஆள் இல்லாமல் கத்தியை எடுக்கமாட்டாராம். மதினி வருகிறார்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஒன்றும் கொண்டுவர வேண்டாம். ஓர் ஏத்தன்காய் வறுவல் பொட்டலம் மட்டும்.

இப்படிக்கு,
பொன்னம்மை


ஸ்ரீவராகம்
15.2.2025

அன்புள்ள பொன்னம்மைக்கு,

சுகம். சர்க்கரை அளவு கொஞ்சம் கூடுதல்தான். நேரத்துக்குச் சாப்பிட முடிவதில்லை.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் சுற்றிவளைக்காமல் எழுதுகிறேன். இருபதாம் தேதி வர இயலாது. ஒரு கான்வென்ட் பள்ளியில் அடுத்த கல்வியாண்டுக்கு உடுப்பை மாற்றுகிறார்கள். நானூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளுக்கும் புதிதாகத் தைக்கவேண்டும். பரீட்சை தொடங்குமுன் அளவெடுக்கவேண்டும்.

அளவெடுக்க ஆதிரா என்று ஒரு பெண் இருக்கிறாள். இருபத்தாறு வயது. உன் அண்ணனோடு பள்ளிகளுக்குப் போய்ப் பழகியவள். "மேடம், ஞான் அளந்தா போராதா?" என்று கேட்டாள். தமிழ் வீட்டுப் பெண், நாலு சொல் பேசினால் மூன்று மலையாளம். டேப்பை எவ்வளவு தளர்த்திப் பிடிக்கிறாள் என்று பார்த்தேன். நானே அளக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

என் நாள் எப்படிப் போகிறது என்று உனக்குத் தெரியவேண்டும். காலை எட்டரைக்குத் திறக்கிறேன். நூல் தீர்ந்தால் என்னிடம் வருகிறார்கள். ஊசி ஒடிந்தால் என்னிடம். குளியலறைக்குப் போய்விட்டு வந்தால் வாசலில் மூன்று பேர் சீட்டோடு நிற்கிறார்கள். நேற்று பல்வலி என்று அரைமணி நேரம் வெளியே போனேன். திரும்பி வந்தபோது பதினோரு மெஷினும் ஓடவில்லை. பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் போனால் நின்றுவிடுகிறது, பொன்னம்மை. எப்படி வருவேன்?

இரண்டு மணி நேர ரயில்தான். ஆனால் எனக்கு அது துபாயைவிடத் தூரம். டாக்டரிடம் பேசி வேறு தேதி வாங்கு. பள்ளி திறந்த பிறகு நிச்சயம்.

வறுவல் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
மதினி


வடசேரி
2.3.2025

மதினிக்கு,

நலம். வறுவல் கிடைத்தது.

ஜூன் பத்தொன்பது கொடுத்திருக்கிறார்கள். அதுவும் இல்லையென்றால் அடுத்த வருஷம்தானாம்.

எழுத்து கோணலாக இருக்கும். படுத்துக்கொண்டு எழுதுகிறேன், வேறொன்றும் இல்லை. கொஞ்சநாள் படுத்திருப்பது சுகமாகத்தான் இருக்கிறது. லிங்கராஜின் மனைவி காலையும் மாலையும் வந்து போகிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொன்னம்மை


ஸ்ரீவராகம்
29.3.2025

அன்புள்ள பொன்னம்மைக்கு,

நான் சுகம். உன் கடிதம் மிகச் சிறியதாக இருந்தது. கோபமென்றால் கோபம் என்று எழுது.

நானூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளையும் ஆறு நாளில் அளந்து முடித்தேன். முதுகு நிமிரவில்லை. ஆனால் அந்த அளவுப் புத்தகத்தைப் பார்த்தால் நீ மெச்சுவாய். ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. குழந்தைகள் வளர்கிறவர்கள், அதனால் சீருடையில் இரண்டு அங்குலம் கூட விடவேண்டும். கடையில் அதை வளர்த்தி என்கிறார்கள். அதையும் சேர்த்தே எழுதிவிட்டேன். எழுதிய அளவும் தைத்த அளவும் ஒன்றாக இருப்பதுதானே முறை.

சென்ற வாரம் லிங்கராஜ் புத்தகத்தோடு வந்து நின்றார். "அம்மா, ரெண்டாங்கிளாஸ் பிள்ளையளுக்கு அளவு கொஞ்சம் கூடுதலாத் தெரியுதே" என்றார். அப்போது பள்ளியிலிருந்து சிஸ்டர் போனில் இருந்தார்கள், பொத்தான் கடைக்காரர் முன்னால் நின்றார், இரண்டு பெண்கள் சீட்டுக்கு நின்றார்கள். "எப்போதும் வெட்டுவதுபோல் வெட்டுங்கள் மாஸ்டர். யோசிப்பதற்கு நான் இருக்கிறேன்" என்றேன். "செரிம்மா" என்று போய்விட்டார். அதன் பிறகு ஒரு சந்தேகமும் கேட்டு வரவில்லை. இதைத்தான் நான் எதிர்பார்த்தேன்.

உன் காலுக்குச் சூடு ஒத்தடம் கொடுக்கிறாயா?

அன்புடன்,
மதினி


வடசேரி
27.4.2025

அன்புள்ள மதினிக்கு,

நலம். ஒத்தடம் கொடுக்கிறேன். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

பதில் எழுத நாளாகிவிட்டது. எழுத ஒன்றுமில்லை. நீங்கள் எழுதுவதெல்லாம் கடை. அதற்கு நான் என்ன பதில் எழுதுவது?

லிங்கராஜ் வந்தான். முன்பெல்லாம் கடிதத்தைக் கொடுத்துவிட்டு அரைமணி உட்கார்ந்து கடைக்கதை சொல்லுவான். சத்தமாகச் சொல்லுவான், எனக்குக் கேட்கும். இப்போது உறையை நீட்டுகிறான், காப்பி குடிக்கிறான், போகிறான். "என்னடே, கடையில ஒரு விசேஷமும் இல்லியா?" என்று கேட்டேன். "நமக்கு வெட்டுத வேலைதானேம்மா, விசேஷமெல்லாம் அம்மா பாத்துக்கிடுவா" என்றான்.

அவனிடம் நீங்கள் ஏதாவது சொன்னீர்களா?

ஜூன் பத்தொன்பது. நினைவிருக்கட்டும்.

பொன்னம்மை


ஸ்ரீவராகம்
16.5.2025

அன்புள்ள பொன்னம்மைக்கு,

நான் சுகம். நீயும் சுகமென்று நம்புகிறேன்.

இது தபாலில் வருகிறது. லிங்கராஜ் விடுமுறையில் இருக்கிறார். வேலை நிரம்ப இருக்கிறது. பள்ளி ஜூன் இரண்டு திறக்கிறது. மழை முன்னதாகவே வரும் என்கிறார்கள். சிறிய திருத்தங்கள் சில இருப்பதால் நான் கடையிலேயே சாப்பிட்டுவிடுகிறேன்.

ஜூன் பத்தொன்பது பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியவில்லை.

வேறு விசேஷமில்லை.

மதினி


வடசேரி
21.5.2025

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதத்தில் பத்து வரிகூட இல்லை. பேனாவை அழுத்திய அழுத்தத்தில் தாள் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. உடம்பைக் கேட்கமாட்டேன், தெரிகிறது.

லிங்கராஜ் விடுமுறையில் இல்லை. வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். கம்பை ஊன்றிக்கொண்டு நானே போனேன். கேட்டேன். சொன்னான். அவன் தானாகச் சொல்லவில்லை என்பதை நினைவில் வையுங்கள், கேட்டேன், சொன்னான்.

முப்பது வருஷமாக அந்தக் கடையில் அளவுப் புத்தகத்தில் எழுதுவது வெறும் உடம்பளவு. வளர்த்திக்கு இரண்டு அங்குலம் சேர்ப்பது வெட்டுகிறவன் வேலை. நீங்கள் புத்தகத்தில் சேர்த்தீர்கள், அவன் மேசையில் சேர்த்தான். எப்போதும் வெட்டுவதுபோல் வெட்டச் சொன்னது நீங்கள். நானூற்றுப் பன்னிரண்டும் இரண்டு அங்குலம் கூடுதல். சிஸ்டர் ஒரு குழந்தைக்குப் போட்டுப் பார்த்தார்களாம், கை வெளியே வரவில்லையாம், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். அத்தனையும் திரும்பி வந்துவிட்டது. பதினோரு பெண்கள் முன்னால் "கண்ணில்லாமலா வெட்டினீர்கள்?" என்று நீங்கள் கேட்டீர்கள். அவன் கத்திரியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டான்.

அவனுக்குத் தெரிந்திருந்தது. தைத்த சபீனாவுக்குத் தெரிந்திருந்தது, அவள் மகளே இரண்டாம் வகுப்பாம். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் பொங்குவீர்கள். சொல்ல வந்தவனை என்ன சொல்லி அனுப்பினீர்கள் என்று மார்ச் மாதக் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெருமையாக எழுதியிருக்கிறீர்கள்.

இப்போது எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகத் தையல் பிரித்துக்கொண்டிருக்கிறீர்களாம், யாரையும் தொடவிடாமல். அது தண்டனையா, வேலையா மதினி? தண்டனையென்றால் அதை அனுபவிப்பது நான்தான். ஜூன் பத்தொன்பதுக்கு ஆள் இல்லையென்றால் இன்னும் ஒரு வருஷம் இந்தக் கம்பு.

சனிக்கிழமை அவனைக் கடைக்கு அனுப்புகிறேன். மன்னிப்புக் கேட்காதீர்கள், அவன் கூசிப்போவான். ஏதாவது ஒரு சந்தேகம் கேளுங்கள். உங்களுக்கு நிஜமாகவே பதில் தெரியாத ஒன்றை.

பொன்னம்மை


ஸ்ரீவராகம்
31.5.2025

அன்புள்ள பொன்னம்மைக்கு,

நலமாக இருக்கிறாயா என்று இந்தமுறை உன்னைக் கேட்கப்போவதில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

உன் கடிதம் போன வாரம் வெள்ளிக்கிழமை வந்தது. படித்துவிட்டுக் கிழிக்கலாமா என்று இருந்தது. அறுபத்தேழு வயதில் எனக்கு இப்படி யாரும் எழுதியதில்லை. அப்போது தொண்ணூற்றாறு உடுப்பு பிரித்திருந்தேன். பள்ளி திறக்கப் பத்து நாள். மீதியைப் பிரிக்க முடியாது என்று கணக்குத் தெரிந்த எவருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது. பிரித்துக்கொண்டிருந்தேன். நிறுத்தினால் என்ன செய்வதென்று தெரியாததால் பிரித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை லிங்கராஜ் வந்தார். மேசையருகே நின்றார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரித்துக்கொண்டிருந்த உடுப்பை மேசைமேல் வைத்தேன். பிறகு, "இதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டேன். மெஷின்களெல்லாம் நின்றிருந்தன.

ஆதிரா எழுந்தாள். "மேடம், ஒரு காரியம் சொல்லட்டே?"

"சொல்லு."

"ரெண்டாங்கிளாஸ் குட்டிக்குத் தச்சது மூணாங்கிளாஸ் குட்டிக்குச் சேரும். மூணுக்குத் தச்சது நாலுக்கு. பேரு எழுதின துணியை மட்டும் மாத்தினாப் போதும். ஆகச் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் புதுசா வெட்டணும். ஆகப் பெரிசு மட்டும் குறைக்கணும்."

எவ்வளவு எளிது பார். லிங்கராஜ் தலையை ஆட்டினார். சபீனா, "அறுபது புதுசு வெட்டினா மதி, போதும் மேடம், மிஞ்சிப்போனா எழுபது" என்றாள். மேடம் பிரித்துப் போட்டதையே அந்தச் சின்ன அளவுகளுக்கு வெட்டிக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

"இது உனக்கு எப்போது தோன்றியது?" என்று ஆதிராவைக் கேட்டேன்.

"உடுப்பு சாதனமெல்லாம் திரும்பி வந்த அன்னைக்கே."

"பன்னிரண்டு நாள். ஏன் சொல்லவில்லை?"

"மேடம் பிரிச்சிட்டே இருந்தீங்கல்லே" என்றாள். பயமாக இருந்ததாம். இத்தனைக்கும் நான் யார்மேலும் கை ஓங்கினவள் இல்லை.

என் அளவுப் புத்தகத்தை ஆதிராவிடம் கொடுத்தேன். சீட்டு எழுதவில்லை. வியாழக்கிழமை எல்லாம் முடிந்தது, நேற்றுப் பள்ளிக்குப் போய்விட்டது. நான் அந்த ஐந்து நாளும் கீழே கடையில் உட்கார்ந்திருந்தேன். மேலே மெஷின் சத்தம் கேட்டது. ஏறிப் போய்ப் பார்க்காமல் இருப்பதற்கு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். மேலே சிரித்தார்கள். என்னைப் பற்றித்தானோ என்று இருந்தது. பன்னிரண்டு தையல் இருக்கிறதா என்று ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். பத்து இருந்தது. மூடி வைத்துவிட்டேன்.

நேற்று மாலை லிங்கராஜிடம் இன்னொன்று கேட்டேன். "பொன்னம்மை எப்படி இருக்கிறாள்? அவள் எழுதுவதை நான் நம்பவில்லை" என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "இத நீங்க ஒருநாளும் கேக்கல்லியேம்மா" என்றார். பிப்ரவரி இருபத்திரண்டாம் தேதி நீ குளியலறையில் விழுந்தாயாம். கதவை உடைத்து எடுத்தார்களாம். இடுப்பில் அடி, மூன்று வாரம் படுக்கை. ஆபரேஷன் நடந்திருந்தால் அந்த நாளில் நீ ஆஸ்பத்திரியில் இருந்திருப்பாய், நான் பக்கத்தில் இருந்திருப்பேன்.

எனக்கு நீயும் சொல்லவில்லை, பார். பதினோரு பேரோடு நீ பன்னிரண்டு.

ஜூன் பதினேழு காலை ரயிலில் வருகிறேன். என் போனைக் கடையிலேயே வைத்துவிட்டு வருவேன். பள்ளிகள் எல்லாம் அந்த எண்ணில்தான் கூப்பிடுகின்றன, ஆதிரா எடுக்கட்டும். வினீத்துக்கு லிங்கராஜ் வீட்டு எண்ணைக் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
சுசீலாபாய்


நாகர்கோவில், ஆஸ்பத்திரி
22.6.2025

ஆதிராவுக்கு,

நலம். நீங்கள் எல்லாரும் நலமா? மழையில் மேல்மாடி ஒழுகுகிறதா?

பொன்னம்மைக்கு ஆபரேஷன் நல்லபடி நடந்தது. இன்று நான்கு அடி நடந்தாள். நான் தாங்கப் போனேன். நர்ஸ், "நீங்க தள்ளி நில்லுங்கம்மா, அவுங்களே நடக்கணும்" என்று என்னைச் சுவரோரம் நிறுத்திவிட்டாள். இங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை. காப்பி வாங்கப் போகிறேன், வருகிறேன். இன்று மூன்று முறை வாங்கிவிட்டேன்.

புதிதாக ஆர்டர் தந்த பள்ளியின் பாவாடையில் எத்தனை மடிப்பு என்று நான் புறப்படும்போது முடிவாகவில்லை. எட்டு மடிப்பு வையுங்கள். முன்னால் நான்கு, பின்னால் நான்கு. ஆறு வைத்தால் விசிறிபோல் விழாது. மடிப்பின் மேல்பகுதியை மூன்று அங்குலம் தைத்து நிறுத்தச் சொல். லிங்கராஜ் திங்கள் காலை இதைக் கொண்டுவந்து தருவார். அதுவரை வெட்ட வேண்டாம்.

சுசீலாபாய்


சாலை, திருவனந்தபுரம்
28.6.2025

மரியாதைக்குரிய மேடம்,

ஆதிரா எழுதுகிறேன். எல்லாரும் நலம். பொன்னம்மை அம்மா இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று லிங்கராஜ் மாஸ்டர் சொன்னார், சந்தோஷம். மாடி ஒழுகியது, ஓடு மாற்றியாகிவிட்டது. நான் தமிழ் எழுதிப் பழக்கமில்லை, சபீனா அக்காவும் மாஸ்டரும் உதவி செய்தார்கள்.

மேடம் எழுதினது திங்கள்கிழமைதான் கிடைத்தது. அதற்கு முந்தின சனிக்கிழமையே வெட்டிவிட்டோம். ஆறு மடிப்பு.

சொல்லாமல் செய்தோம் என்று நினைக்கக்கூடாது. அதற்கு முந்தின நாள் பள்ளியிலிருந்து கூப்பிட்டு ஜூலை ஒன்பதாம் தேதி புதன் வேண்டும் என்றார்கள். எட்டு மடிப்பில் ஒன்று, ஆறு மடிப்பில் ஒன்று தைத்து மூன்று குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தோம். எட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு இடுப்பில் துணி தடித்து நிற்கிறது, குனியும்போது குத்துகிறது என்று ஒரு குட்டி சொன்னாள். அதனால் ஆறு. இருநூற்று முப்பதும் வெட்டியாயிற்று.

ஒரு தவறு நடந்தது. கொக்கி நம்பர் மாறி வாங்கிவிட்டேன். என் தவறுதான். மாற்றிவிட்டேன்.

மேடம் எட்டுதான் வேண்டும் என்றால் ஞாயிறு எழுதி அனுப்புங்கள், தைக்காமல் நிறுத்திவைத்திருக்கிறோம். எப்போது வருவீர்கள் என்றும் எழுதுங்கள். அவசரமில்லை.

ஆதிரா


வடசேரி, நாகர்கோவில்
29.6.2025

ஆதிராவுக்கு,

இங்கே இருவரும் நலம். உங்கள் எல்லாருடைய நலத்தையும் லிங்கராஜ் சொன்னார், நான் கேட்டேன். சபீனாவின் மகளுக்குக் காய்ச்சல் விட்டதா?

பொன்னம்மை இன்று கம்பில்லாமல் அடுக்களை வாசல்வரை நடந்தாள். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். "இருங்க மதினி" என்று அங்கிருந்தே சொன்னாள். உட்கார்ந்தேன். திரும்பி வரக் கால்மணி நேரம் ஆயிற்று. கால்மணி நேரம் என்பது எவ்வளவு நீளம் என்று எனக்கு இதுவரை தெரியாது.

உன் கடிதத்துக்கு இது மூன்றாவது பதில். முதலில் எழுதியது இரண்டு பக்கம். அதைப் பொன்னம்மையிடம் படித்துக் காட்டினேன். காது கேட்கவில்லை என்றாள். உரக்கப் படித்தேன். அப்போதும் கேட்கவில்லை என்றாள். அவளுக்கு எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்பது எனக்கு இப்போது ஓரளவு புரிகிறது. இரண்டாவதை நானே கிழித்தேன்.

"அவசரமில்லை" என்று எழுதியிருந்தாய். அந்தச் சொல்லைப் பலமுறை படித்தேன். நல்ல மனதோடு எழுதினாய் என்று தெரியும்.

டாக்டர் இன்னும் ஆறு வாரம் ஆள் வேண்டும் என்கிறார். இருக்கிறேன்.

எட்டு மடிப்புதான் அழகு. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆறு மடிப்புப் பாவாடையை என் கையால் தைத்திருக்கமாட்டேன்.

தையுங்கள்.

சுசீலாபாய்